'லிலித்'துக்கு 81 வருஷம் முன்னால் வந்த பத்திரிகை

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் யூதப் பெண்களுக்காக வந்த முதல் பத்திரிகை 'லிலித்' என்று ஒரு கட்டுரையில் படித்தேன். சரிதானா? அதற்கும் முன்னால் 'தி அமெரிக்கன் ஜூயஸ்' (அமெரிக்க யூதப் பெண்) என்று ஒன்று இருந்ததாமே, அது ஏன் நின்றுபோனது? அந்தப் பெயரே இப்போது வசைச்சொல் போல ஆகிவிட்டது என்கிறார்கள். அன்றைக்கு எப்படித் துணிந்து வைத்தார்கள்?"

சரியில்லை. 'லிலித்' வெளிவந்தது 1976இல். 'தி அமெரிக்கன் ஜூயஸ்' 1895 ஏப்ரலில் சிகாகோவில் தொடங்கி, 1899 ஆகஸ்ட்டில் முடிந்துபோனது. மொத்தம் 46 இதழ்கள். அமெரிக்க யூதப் பெண்களுக்காக ஆங்கிலத்தில் வந்த முதல் பத்திரிகை என்று அதைத்தான் சொல்ல வேண்டும். நடத்தியவர் ரோசா சோன்னஷைன் என்ற பெண்மணி. 'லிலித்'தை வேண்டுமானால், பெண்ணியம் என்று அட்டையிலேயே அறிவித்துக்கொண்டு நீண்ட நாள் தாக்குப்பிடித்த முதல் பத்திரிகை எனலாம்.

ரோசாவுக்கு முன்னாலும் முயற்சிகள் இல்லாமல் இல்லை. 1855இல் லண்டனில் மாரியன் ஹார்டோக் என்ற பள்ளி நடத்திய எழுத்தாளர் 'ஜூயிஷ் சபத் ஜர்னல்' என்று ஒன்றைத் தொடங்கினார். அந்த வருஷமே அது நின்றுவிட்டது. அதே 1855இல், கடலுக்கு அந்தப் பக்கம் அமெரிக்காவின் சின்சினாட்டி நகரத்தில், ஐசக் மேயர் வைஸ் என்ற ரபி (யூத மதகுரு) 'டி டெபோரா' என்ற ஜெர்மன் மொழிப் பத்திரிகையை ஆரம்பித்தார். அவர் ஏற்கெனவே நடத்திவந்த ஆங்கில வாரப் பத்திரிகைக்கு இது துணைப் பத்திரிகை, பெண்களுக்கானது. கணக்கு எளிமையானது. கடைவீதிக்குப் போகும் ஆண்களுக்கு ஆங்கிலம் வந்துவிட்டது, வீட்டில் இருக்கும் பெண்கள் இன்னும் ஜெர்மன்தான் படிக்கிறார்கள். வைஸைக் குறை சொல்லவும் முடியாது. யூதர்களின் வழிபாட்டு இடமான ஜெப ஆலயத்தில் ஆணும் பெண்ணும் குடும்பமாகச் சேர்ந்து உட்காரலாம் என்று 1851இலேயே ஆல்பனி நகரத்தில் வழிசெய்தவர் அவர். ஆனாலும் அது பெண்களுக்காக ஆண் நடத்திய பத்திரிகை.

இனி ரோசா கதை. இதைக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் அந்தப் பத்திரிகையின் குணம் அவர் வாழ்க்கையிலிருந்து வந்தது.

பிறந்தது 1847இல், அன்றைய ஆஸ்திரியப் பேரரசின் மொராவியாவில். தந்தை ஹிர்ஷ் பேர் ஃபாசல் பெயர்பெற்ற ரபி. குடும்பம் ஹங்கேரியின் நாட்கனிஷா ஊருக்குப் போக, ரோசா அங்கே வளர்ந்தார். நல்ல படிப்பு. 1864இல், பதினேழு வயதில், சாலமன் சோன்னஷைன் என்ற இளம் ரபிக்குக் கட்டிக்கொடுத்தார்கள். குரோஷியா, பிராக், நியூயார்க் என்று ஊர் ஊராகப் போய், கடைசியில் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் நகரத்துக்கு வந்து சேர்ந்தார்கள். அங்கே சாரே எமெத் என்ற, பழைய சமய வழக்கங்களைத் தளர்த்திக்கொண்ட சீர்திருத்தப் பிரிவின் ஜெப ஆலயத்துக்கு சாலமன் ரபி. நான்கு குழந்தைகள். 1879இல் ரோசா அந்த ஊரில் 'பயனீர்ஸ்' என்று யூதப் பெண்களுக்கான இலக்கியச் சங்கம் ஒன்றைத் தொடங்கினார்.

வெளியே பார்த்தால் குறையில்லாத குடும்பம். உள்ளே ஒத்துவரவில்லை. சாலமனுக்கும் அவருடைய சபைக்குமே ஒத்துவரவில்லை. 1886இல் சபை இரண்டாக உடைந்து, அவர் தன் ஆட்களோடு வெளியேறி டெம்பிள் இஸ்ரேல் என்ற புதிய சபைக்குப் போனார். சில வருஷத்தில் ரோசா கணவரை விட்டுப் பிரிந்து சிகாகோவுக்கு வந்துவிட்டார். 1893இல் விவாகரத்து ஆனது. மனைவி வீட்டை விட்டுப் போனார் என்பது காரணமாகப் பதிவானதால் ஜீவனாம்சம் ஒரு காசு இல்லை.

இதை வெறும் குடும்பச் செய்தி என்று தாண்டிப் போய்விடக் கூடாது. அன்றைக்குப் பெரும்பாலான அமெரிக்க ஜெப ஆலயங்களில் உறுப்பினர் என்றால் குடும்பத் தலைவர், அதாவது ஆண். சந்தா கட்டுவதும் கூட்டத்தில் ஓட்டுப் போடுவதும் அவர். மனைவிக்கு இடம் கிடைப்பது கணவர் பெயரில். கல்யாணமே ஆகாவிட்டாலோ, பிரிந்து வந்துவிட்டாலோ அந்தப் பெண் சபையின் புத்தகத்தில் யாராகவும் இல்லை. ரபியின் மகளாகப் பிறந்து, ரபியின் மனைவியாக இருபது வருஷத்துக்கு மேல் முன்வரிசையில் உட்கார்ந்திருந்த ஒருவர், 46 வயதில் அந்தப் புத்தகத்துக்கு வெளியே வந்து நின்றார். கையில் வருமானமும் இல்லை. பத்திரிகை தொடங்கியதற்குக் கொள்கை ஒரு காரணம் என்றால் சாப்பாடு இன்னொரு காரணம். இதைச் சொன்னால் அவருக்கு மரியாதைக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

விவாகரத்து ஆன அதே 1893இல் சிகாகோவில் மாபெரும் உலகக் கண்காட்சி நடந்தது. விவேகானந்தர் பேசிய சர்வ சமயப் பேரவையும் அதை ஒட்டி நடந்ததுதான். யூத சமயத்துக்கும் அங்கே ஓர் அரங்கு. அதற்கான ஏற்பாட்டில் ஆண்கள் தயாரித்த நிகழ்ச்சி நிரலில் ஒரு பெண் பெயர்கூட இல்லை. ஹன்னா க்ரீன்பௌம் சாலமன் என்ற சிகாகோ பெண்மணி, அப்படியென்றால் எங்கள் மாநாட்டை நாங்களே நடத்திக்கொள்கிறோம் என்று சொல்லிவிட்டு யூதப் பெண்கள் மாநாட்டைக் கூட்டினார். அதிலிருந்து பிறந்ததுதான் யூதப் பெண்கள் தேசியக் கவுன்சில், இன்றும் இயங்குகிறது. ரோசா அந்தக் கண்காட்சியின் பத்திரிகையாளர் மாநாட்டில் பேசும்போது, யூதப் பெண்களுக்கென்று ஒரு பத்திரிகை வேண்டும் என்று கேட்டார். யாரும் தொடங்குகிற வழியாகத் தெரியவில்லை. 1895இல் அவரே தொடங்கிவிட்டார்.

பத்திரிகையைப் பார்த்தால் முதலில் சாதுவாகத்தான் இருக்கும். நாகரிக உடை, வீட்டு நிர்வாகம், உடல்நலம், குழந்தைகள் பகுதி, கவிதை, தொடர்கதை, பெரிய மனுஷிகளின் வாழ்க்கைக் குறிப்பு, நூல் மதிப்புரை. 'பேசும் பெண்' என்ற பொருள்படும் தலைப்பில் ஒரு பத்தியும் உண்டு. பழைய பத்திரிகைகளைப் புரட்டுகிற பழக்கம் உள்ளவர்களுக்குத் தெரியும், அந்தக் காலத்துப் பெண்கள் பத்திரிகை எதை எடுத்தாலும் இந்தச் சாமான்கள் இருக்கும். வித்தியாசம் ஆசிரியர் பக்கத்தில் இருந்தது.

அங்கே ரோசா திரும்பத் திரும்பக் கேட்டது ஒன்றுதான். பெண்ணை, கல்யாணம் ஆனவளோ ஆகாதவளோ, அவள் பெயரிலேயே ஜெப ஆலயத்தின் உறுப்பினராகச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவர் வாதத்துக்குப் பின்னால் கண்ணெதிரே தெரிந்த ஒரு நிலவரம் இருந்தது. அமெரிக்காவில் சனிக்கிழமை வேலைநாள். ஆண்கள் கடையைத் திறந்துவைத்துக்கொண்டு அங்கே இருந்தார்கள். ஓய்வுநாள் வழிபாட்டுக்கு வந்தவர்களில் பாதிக்கு மேல் பெண்கள். கட்டட நிதிக்குப் பணம் திரட்டியவர்கள், ஞாயிறு பள்ளியில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்தவர்கள், ஏழைக் குடும்பங்களைப் போய்ப் பார்த்தவர்கள் எல்லாம் பெண்கள். ஓட்டு மட்டும் வராத ஆண்களிடம்.

இந்த இடத்தில்தான் கவுன்சிலோடு உரசல் வந்தது. ஆரம்பத்தில் ரோசா கவுன்சிலைத் தூக்கிவைத்துக் கொண்டாடினார், அதன் செய்திகளைத் தவறாமல் போட்டார். பிறகு கசந்தது. ஹன்னா சாலமன் சேர்ந்திருந்த சிகாகோ சினாய் சபை தீவிரச் சீர்திருத்தச் சபை, அங்கே பிரதான வழிபாடே ஞாயிற்றுக்கிழமையில். யூத சமயத்தின் ஓய்வுநாள் வெள்ளி மாலையில் தொடங்கி சனி மாலையில் முடிவது. அதை ஞாயிறுக்கு மாற்றுகிறவர் யூதப் பெண்களின் தலைவராக இருக்கலாமா என்று 1896இல் நியூயார்க்கில் நடந்த கவுன்சில் மாநாட்டிலேயே கேள்வி எழுந்தது. நான் ஓய்வுநாளைப் புனிதமாகக் கொள்கிறேன், வாரத்தின் எல்லா நாளையுமே அப்படித்தான் கொள்கிறேன் என்று சாலமன் பதில் சொன்னார். அழகான பதில், நழுவலான பதிலும்கூட. அதே தலைமையில் அவர் தொடர்ந்தார். சனிக்கிழமையைக் காப்பாற்ற முதுகெலும்பில்லாத கவுன்சில் எதைச் சாதிக்கும் என்ற தொனியில் ரோசாவின் பத்திரிகை எழுதியது.

எனக்கு இதில் சுவாரசியமாகப் படுவது, ரோசாவை ஒரு பெட்டிக்குள் அடைக்க முடியாது என்பது. பெண் உரிமையில் தன் காலத்துக்கு முன்னால் நின்றார். ஓய்வுநாள் விஷயத்தில் பழைய வழக்கத்தின் பக்கம் நின்றார். அரசியலில் இன்னொரு பக்கம். 1885இல் பிட்ஸ்பர்க்கில் கூடிய சீர்திருத்த ரபிகள், நாங்கள் ஒரு தேசிய இனம் இல்லை, ஒரு சமயம் மட்டுமே, பாலஸ்தீனத்துக்குத் திரும்புகிற எண்ணம் இல்லை என்று அறிவித்திருந்தார்கள். அந்தச் சூழலில் வளர்ந்த வாசகர்களிடம் ரோசா சியோனிசத்தை, அதாவது யூதர்களுக்குப் பாலஸ்தீனத்தில் ஒரு தாயகம் வேண்டும் என்ற இயக்கத்தை, ஆதரித்து எழுதினார். 1897 ஆகஸ்ட்டில் தியோடர் ஹெர்ஸல் ஸ்விட்சர்லாந்தின் பாசல் நகரத்தில் முதல் சியோனிச மாநாட்டைக் கூட்டியபோது அமெரிக்காவிலிருந்து போன மிகச் சிலரில் அவரும் ஒருவர். அங்கேயும் பாருங்கள், பெண்கள் உள்ளே வரலாம், ஓட்டுப் போட முடியாது. அடுத்த வருஷத்து மாநாட்டில்தான் அந்த உரிமை கிடைத்தது.

சரி, ஏன் நின்றது?

எத்தனை பிரதி விற்றது என்று கேட்டால் பத்திரிகையே சொல்லிக்கொண்ட உச்சக் கணக்கு 31,000. விளம்பரம் பிடிப்பதற்காகச் சொல்லும் எண்ணிக்கையை அப்படியே நம்பக் கூடாது, எந்தக் காலத்திலும். அந்த நூற்றாண்டு முடிவில் அமெரிக்காவில் யூதர்கள் மொத்தமே சுமார் 10 லட்சம் பேர். அவர்களில் பெரும்பகுதி ரஷ்யப் பேரரசிலிருந்து புதிதாக வந்து நியூயார்க்கின் நெரிசலான குடியிருப்புகளில் தையல் வேலை பார்த்தவர்கள், கிழக்கு ஐரோப்பிய யூதர்களின் மொழியான இட்டிஷ் படித்தவர்கள். ரோசாவின் வாசகிகள் ஒரு தலைமுறை முன்னால் ஜெர்மன் பேசும் நாடுகளிலிருந்து வந்து, ஆங்கிலத்துக்கு மாறி, வசதியான நிலைக்கு வந்த குடும்பங்களின் பெண்கள். வட்டம் சிறியது. அந்தச் சிறிய வட்டத்தில் சமூகப் பெண்களை ஒன்றுசேர்த்துவைத்திருந்த அமைப்பு கவுன்சில்தான், அதைத்தான் அவர் விமர்சித்துக்கொண்டிருந்தார். சியோனிசம் இன்னும் சில வீடுகளை முகம் சுளிக்க வைத்திருக்கும். பின்னால் நிற்க சங்கமும் இல்லை, ஜெப ஆலயமும் இல்லை, பணக்காரக் கணவரும் இல்லை.

1898இல் பத்திரிகையைச் சில வியாபாரிகளுக்கு விற்றுவிட்டார். அதற்குப் பிறகும் அதில் எழுதினார், ஆனால் கடிவாளம் அவர் கையில் இல்லை. பழைய காரம் குறைந்தது. ஒரு வருஷம் போலத் தாங்கிவிட்டு நின்றுபோனது. ரோசா 1932 வரை வாழ்ந்து செயின்ட் லூயிஸிலேயே காலமானார். பெரிய பொதுவாழ்க்கை ஏதும் அப்புறம் இல்லை. பத்திரிகையும் எழுபது எண்பது வருஷம் ஆராய்ச்சியாளர்கள் தவிர யாருக்கும் நினைவில்லாமல் நூலகங்களில் கிடந்தது. இப்போது மிச்சிகன் பல்கலைக்கழகம் அதை மின்வடிவில் வைத்திருக்கிறது, யாரும் இலவசமாகப் படிக்கலாம்.

இடைப்பட்ட காலத்தை வேகமாகச் சொல்லிவிடுகிறேன். நியூயார்க்கில் இட்டிஷ் மொழியில் 1913இலும் பிறகு 1922இலும் பெண்கள் பத்திரிகைகள் வந்தன, இரண்டும் நீடிக்கவில்லை. இட்டிஷ் நாளிதழ்களே பெண்கள் பக்கம் போட்டுவந்ததால் தனிப் பத்திரிகைக்குக் காசு கொடுக்க ஆள் குறைவு. ஜெர்மனியில் நிலைமை வேறு. பெர்த்தா பாப்பன்ஹைம் 1904இல் யூதப் பெண்கள் சங்கத்தைத் தொடங்கினார். உளப்பகுப்பாய்வின் தொடக்க வரலாற்றில் 'அன்னா ஓ.' என்று வரும் நோயாளி இவர்தான், பலருக்கு அது மட்டும்தான் தெரியும். அந்தச் சங்கத்தின் பத்திரிகை 1924 முதல் வந்தது. யூதச் சமூக நிர்வாகத் தேர்தலில் பெண்களுக்கு ஓட்டு வேண்டும் என்பது அந்தச் சங்கத்தின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. 1938 நவம்பரில் நாஜிகள் நடத்திய படுகொலைக் கலவரத்தோடு பத்திரிகை, சங்கம் இரண்டும் முடிந்தன.

இப்போது 'லிலித்'. 1972 மார்ச்சில் 'எஸ்ரத் நஷிம்' என்ற சின்னக் குழுவைச் சேர்ந்த இளம்பெண்கள், நியூயார்க் மாநிலத்தின் மலைப்பகுதி ஓட்டலில் நடந்த கன்சர்வேட்டிவ் பிரிவு (சீர்திருத்தத்துக்கும் பழமைக்கும் இடைப்பட்டது) ரபிகளின் மாநாட்டுக்கு, யாரும் கூப்பிடாமலேயே ஒரு கோரிக்கைப் பட்டியலோடு போய் நின்றார்கள். பட்டியலின் முதல் வரி என்ன தெரியுமா? பெண்களை ஜெப ஆலயங்களில் உறுப்பினராகச் சேர்க்க வேண்டும். ரோசா தலையங்கம் எழுதி எழுபத்தைந்து வருஷம் கழித்து அதே கோரிக்கை, அதே முதல் இடத்தில். சில இடங்களில் அது முன்பே கிடைத்துவிட்டது, எல்லா இடத்திலும் இல்லை. அதற்குக் கீழே மற்றவை: கூட்டு வழிபாட்டுக்குத் தேவைப்படும் பத்துப் பேரில் பெண்ணையும் எண்ண வேண்டும், பெண் சொல்லும் சாட்சியும் செல்லுபடியாக வேண்டும், விவாகரத்தைப் பெண்ணும் தொடங்க முடிய வேண்டும், ரபி படிப்பில் சேர்க்க வேண்டும்.

விவாகரத்துக் கோரிக்கை புரிய ஒரு விஷயம் தெரிய வேண்டும். யூதச் சட்டப்படி கணவன் 'கெட்' என்ற விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தால்தான் மனைவி மறுமணம் செய்ய முடியும். நீதிமன்றம் பிரித்துவைத்தாலும் அவன் பத்திரம் கொடுக்காவிட்டால் அவள் கட்டுண்டவள்தான். அப்படிப்பட்ட பெண்ணுக்கு 'அகுனா' என்று பெயர். பத்திரத்துக்குப் பணம் கேட்டு மிரட்டுகிற கணவன்மார் இன்றும் இருக்கிறார்கள்.

அந்த 1972இல்தான் சாலி ப்ரீசாண்ட் அமெரிக்காவின் முதல் பெண் ரபி ஆனார். அவர் படித்த சின்சினாட்டிக் கல்லூரியை நிறுவியவர் மேலே சொன்ன 'டி டெபோரா' வைஸ். அடுத்த வருஷம் கன்சர்வேட்டிவ் ரபிகளின் சட்டக்குழு பத்துப் பேர் கணக்கில் பெண்ணைச் சேர்க்க அனுமதித்தது. ஆனால் அந்தப் பிரிவில் முதல் பெண் ரபி வர 1985 ஆகிவிட்டது. இந்த நடுவில், 1976 இலையுதிர் காலத்தில், சூசன் வைட்மன் ஷ்னைடர், அவிவா கேன்டர், ஏமி ஸ்டோன் முதலானவர்கள் நியூயார்க்கில் 'லிலித்' முதல் இதழைக் கொண்டுவந்தார்கள். சுதந்திரமானது, யூதத்தன்மை கொண்டது, ஒளிவுமறைவில்லாமல் பெண்ணியம் பேசுவது என்பது அதன் அறிமுக வரி. 'சுதந்திரமானது' என்ற முதல் சொல்லைக் கவனியுங்கள். எந்த யூத அமைப்பின் கிளையும் இல்லை, எந்தச் சமயப் பிரிவின் குரலும் இல்லை. ரோசாவும் அப்படித்தான் நடத்தினார், ஆனால் சந்தாவும் விளம்பரமும் மட்டும் நம்பி. 'லிலித்' லாபநோக்கில்லாத நிறுவனமாக நின்று நன்கொடையும் வாங்குகிறது. ஷ்னைடர் நாற்பது வருஷத்துக்கும் மேல் ஆசிரியராக இருந்தார். கொள்கைப் பிடிப்பு இருவரிடமும் இருந்தது, பணம் வரும் வழிதான் வேறு என்பது என் கணிப்பு.

பெயர் பற்றி. இடைக்கால யூதக் கதை ஒன்றில் லிலித் ஆதாமின் முதல் மனைவி. இருவரும் ஒரே மண்ணில் செய்யப்பட்டவர்கள்தானே, நான் ஏன் கீழே இருக்க வேண்டும் என்று கேட்டுவிட்டு, கடவுளின் திருநாமத்தைச் சொல்லிப் பறந்து போய்விடுகிறாள். திருப்பிக் கூட்டிவர வந்த மூன்று தூதர்களிடம் மாட்டேன் என்கிறாள். அப்புறம் அவள் பச்சைக் குழந்தைகளைக் கொல்லும் பேயாக மாற்றப்பட்டாள். பிரசவ அறையில் அவளைத் தடுக்க அந்தத் தூதர்களின் பெயர் எழுதிய தாயத்து மாட்டுவார்கள். எதிர்த்துக் கேட்ட பகுதி மறந்துபோய், பேய் மட்டும் மிஞ்சியது. அந்தப் பெயரை எடுத்து முதல் இதழிலேயே அவிவா கேன்டர் அதற்கு விளக்கம் எழுதினார்.

கடைசிக் கேள்வி, 'ஜூயஸ்' என்ற சொல். 1895இல் அது மரியாதையான சாதாரணச் சொல். கவுன்சில் பெண்களே தங்களை அப்படித்தான் சொல்லிக்கொண்டார்கள். பிற்காலத்தில்தான் காதுக்கு உறுத்த ஆரம்பித்தது. ஆங்கிலத்தில் அதன் கடைசியில் வரும் '-ess' என்ற பெண்பால் விகுதி பெண் சிங்கத்துக்கும் பெண் புலிக்கும் வரும். இனம், சமயம் குறிக்கும் சொற்களில் கறுப்பினப் பெண்ணுக்கும் யூதப் பெண்ணுக்கும் அதை ஒட்டினார்கள், கிறிஸ்தவப் பெண்ணுக்கு அப்படி ஒரு சொல் புழங்கவில்லை. நாவல்களில் மோகினி போல வரும் அழகிய யூதப் பெண் பாத்திரங்களும் அந்தச் சொல்லோடு ஒட்டிக்கொண்டன. இன்று வெளியார் யாராவது அப்படிச் சொன்னால் பலர் அவமதிப்பாக எடுத்துக்கொள்வார்கள். இளைய தலைமுறை யூதப் பெண்கள் சிலர் வேண்டுமென்றே தங்களை அப்படி அழைத்துக்கொள்கிறார்கள், அது அவர்கள் இஷ்டம். பத்திரிகையின் பெயராக வரும்போது மட்டும் அதை அப்படியே எழுதுங்கள், மற்ற இடங்களில் யூதப் பெண் என்றால் போதும். பழைய ஆங்கில பைபிளில் தீமோத்தேயுவின் தாயை 'ஜூயஸ்' என்றுதான் சொல்லியிருக்கும். நம் பழைய தமிழ் வேதாகமத்தில் அந்த மாதிரி இடங்களில் 'யூதஸ்திரீ' என்று வரும்.